இரவு ரெஜிஸ்டரில் இரண்டு பேர்

நஜ்முன் நிஸா மிஸ்ஸோட நான் வேலைக்கு வந்த முதல் கிழமையே சண்டை பிடிச்சனான். எங்கட கம்பஸ் லைப்ரரியை இரவு பதினொரு மணி வரைக்கும் திறக்கப் போறம் எண்டு அறிவித்தல் ஒட்டின நாள் அது. நான் வாசல் செக்கியூரிட்டி. வீடு குச்சவெளியில. கடைசி பஸ்ஸை விட்டால் கரையோர ரோட்டால மோட்டார் சைக்கிள்ல தனிய ஓடவேணும். எனக்குச் சுள்ளெண்டு வந்திட்டுது. "ஆர் இந்த ஆக்கினையைக் கேட்டது?" எண்டு கத்தினன்.

"நான்தான் கேட்டனான், றமேஸ் அண்ணன்," எண்டா மிஸ். புத்தகத்துக்குச் சீல் குத்தின கையை எடுக்கவுமில்லை.

அவ கவுண்டர்ல புத்தகம் குடுக்கிறவ. கிண்ணியா ஆள். நாப்பது தாண்டியிருக்கும். பொம்புளை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வாறதோ எண்டு அங்க ரெண்டொரு வாய் கதைச்சிருக்கு. "நேர்ஸ்மார் வாறது கண்ணுக்குத் தெரியல்லையா? இதுவும் டியூட்டிதான்," எண்டு அந்த வாய்களை அடைச்சுப்போட்டா. புருசன் முனீப், பாவம், சொன்ன நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பார். ஏத்திக்கொண்டு பாலத்தைக் கடந்து போவார்.

சும்மா சொல்லக்கூடாது, பிள்ளையளுக்கு அந்த நேரம் பெரிய உதவி. ஹொஸ்டல் அறையில பத்துப் பேர். ஒருத்தி படிச்சால் ஒருத்தி போன்ல கதைப்பாள். துசானி எண்டு ஈச்சிலம்பற்றுப் பிள்ளை, கடைசி வருசம். வகுப்பு முடிய டவுன்ல பாமசி மருந்துக்கடை ஒண்டில ஏழு மணி வரைக்கும் நிண்டு வேலை செய்யிறவள். அவளுக்குப் படிக்கக் கிடைக்கிறது எட்டுக்கும் பதினொண்டுக்கும் இடையிலதான்.

ரெண்டு வருசம் இப்பிடியே ஓடிச்சு. போன மாசம் நூலகர் ஸஹாப்தீன் சேரிட்ட இருந்து கடிதம் வந்துது. முதலாந் திகதி தொடக்கம் லைப்ரரி பின்னேரம் ஆறு மணிக்கு மூடும். காரணம், இரவில வாசகர் இல்லை. ரெஜிஸ்டரில இருந்தே எண்ணிக்கையும் எடுத்துப் போட்டிருந்தினம்: திங்கள் இரண்டு, செவ்வாய் பூச்சியம், புதன் மூண்டு.

உண்மையைச் சொல்லுறன், எனக்குச் சந்தோசம். இனி பஸ்ஸிலயே வீட்டுக்குப் போகலாம். அந்த எண்ணிக்கை பிழை எண்டு வாசல்ல நிக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்.

மிஸ் கடிதத்தோட வெளியில வந்தா. "அண்ணன், நேத்து இரவு எத்தனை பேர் உள்ளுக்குப் போனது?"

பொய் சொல்ல வாய் வரேல்லை. "அறுபதுக்கு மேல."

"ரெஜிஸ்டர்ல ரெண்டு எண்டு என்ட கையாலதான் எழுதியிருக்கன்!"

ரெண்டு பேரும் கவுண்டருக்குப் பின்னால தொங்கிற டோக்கன் பலகையைப் பார்த்தம். எங்கட முறை இதுதான்: பையோட உள்ளுக்குப் போக ஏலாது. பையை வாங்கி வைச்சு நம்பர் டோக்கன் குடுப்பம். மூடுற நேரம், எத்தனை டோக்கன் போச்சுதோ அத்தனை வாசகர் எண்டு எழுதுறது. பகலில அது சரி, பை இல்லாமல் ஒருத்தரும் வாறதில்லை. இரவில வாறது ஹொஸ்டல் பிள்ளையள். சாப்பிட்டு, இஷா தொழுதிட்டு, காலில செருப்பு, கையில ஒரு கொப்பி. பையை ஏன் தூக்கிக்கொண்டு வாறாங்கள்?

"அல்லாஹ்! ரெண்டு வருசமா பழக்கத்தில பலகையைப் பார்த்து நான் பையை எண்ணியிருக்கன், அண்ணன். ஆளை எண்ணேல்லை," எண்டு மிஸ் தலையில கையை வைச்சா.

எனக்கு வெக்கமாப் போச்சு. தெரிஞ்சும் பேசாமல் இருந்ததை ஒத்துக்கொண்டன். முறைச்சுப் பார்த்தா. பிறகு, "சரி, சேரிட்டப் போவம். நீங்கதான் சாட்சி," எண்டா.

"மிஸ், கொஞ்சம் யோசியுங்கோ. வாற மாசம் உங்கட கிரேட் உயர்வு நேர்முகம். ரெஜிஸ்டர் பிழை எண்டு நீங்களே போய்ச் சொன்னால் பைல்ல ஏறும். உயர்வு ஒரு வருசம் தள்ளும். பிள்ளையளைப் பெட்டிசம் எழுதச் சொல்லுவம்."

"என்ட பிழைக்குப் பிள்ளையள் ஏன் பெட்டிசம் எழுதோணும்? எழும்புங்க அண்ணன், நடவுங்க!"

சேர் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டுக் கேட்டார். "இப்ப வந்து அறுபது எண்டால் ஆர் நம்புறது, நிஸா? ரெஜிஸ்டர் உங்கட கையெழுத்து."

"நம்ப வேணாம், சேர். இண்டைக்கு இரவு ஒன்பது மணிக்கு வாங்க. வந்து நீங்களே எண்ணுங்க."

ஒரு நடுக்கம் இல்லை அவவின்ர குரல்ல. எனக்குத்தான் வேர்த்துது.

சேர் வந்தார். மேல் மாடி, கீழ் மாடி எல்லாம் நடந்து ஒவ்வொரு தலையா எண்ணினார். எழுபத்தொண்டு. கால் நோகுது எண்டு இருக்கப் பார்த்தால், ஒரு கதிரை மிச்சமில்லை. துசானிக்குப் பக்கத்தில போய் நிண்டு, "பை எங்க பிள்ளை?" எண்டு கேட்டார். அவள் நிமிரவுமில்லை. "ஹொஸ்டல்ல. கொஞ்சம் விலகுங்கோ, வெளிச்சம் மறைக்குது," எண்டாள். நான் அலுமாரிக்குப் பின்னால போய் நிண்டு சிரிச்சன்.

அடுத்த கிழமை ரெண்டு கடிதம் ஒரே கவர்ல வந்துது. ஒண்டு, லைப்ரரி பதினொரு மணி வரைக்கும் திறந்திருக்கும். இனி தலையை எண்ணோணும். மற்றது மிஸ்ஸுக்கு எச்சரிக்கை: 'இரவு வேளைகளில் வருகை தந்திருந்த பெருந்தொகையான வாசகர்களை ஈராண்டுகளாகப் பதிவு செய்யத் தவறியமை' எண்டு. பைலுக்கும் ஒரு பிரதி. உயர்வு போச்சு.

"நீங்கள் போய்ச் சொல்லாட்டி இவைக்குத் தெரிஞ்சிருக்குமோ? நன்றிகெட்ட வேலை!" எண்டு சத்தம் போட்டன்.

மிஸ்ஸுக்குக் கண் கலங்கினது எனக்குத் தெரிஞ்சுது. துடைச்சுப்போட்டு, கடிதத்தை என்ர முகத்துக்கு நேர பிடிச்சா.

"திட்டாம நல்லா வாசிங்க, அண்ணன். 'வருகை தந்திருந்த பெருந்தொகையான வாசகர்கள்.' வந்தாங்க எண்டு அவங்களே சீல் குத்தித் தந்திருக்காங்க. நாளைக்குப் புது சேர் ஒருத்தர் வந்து இரவில ஆளில்லை எண்டு மூடப் பார்த்தா, எதைக் காட்டுறது? இதைத்தான்."

போய் ரெண்டு போட்டோக்கொப்பி அடிச்சா. ஒண்டை என்ர கையில தந்து, "வாசல் மேசையிலயும் ஒண்டு கிடக்கட்டும்," எண்டா.