திட்டு வாங்காத எட்டு நாள்

ஏலப்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த பயிற்சி முறை ஒன்றுதான்: கத்துவது. மீனாட்சிபுரத்தில் நான் கூடைப்பந்து ஆடிய காலத்தில் என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள்.

என் அணியில் இரண்டு பெண்கள் முக்கியமானவர்கள். குள்ளமானவள் பந்தைத் தட்டிக்கொண்டு பறப்பாள்; திட்டினால் சிரித்துவிட்டு இன்னும் வேகமாக ஓடுவாள். நெட்டையானவள் வளையத்தடியில் நிற்பாள். நான் குரல் உயர்த்தினால் போதும், அவள் தோள் இறுகிவிடும், பந்து நழுவும்.

"ஏம்புள்ள, கையில வெண்ணெயா தடவிட்டு வந்திருக்கறே?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. தேடிக்கொண்டு எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அவள் அம்மா, பால் விடாத கட்டன்சாயா கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவளுக்குச் சத்தம் கேட்டாலே கையி காலு ஓடாது டீச்சர். பக்கத்துல போய் மெதுவாச் சொல்லிப் பாருங்க."

வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து யாரிடமும் நான் குரல் உயர்த்தவில்லை. நெட்டையானவளின் கைகள் மெல்லத் தளர்ந்தன. பந்து அவளிடம் தங்க ஆரம்பித்தது. ஆனால் குள்ளமானவள் ஏனோ சோர்ந்துபோனாள். ஓட்டத்தில் பழைய வேகம் இல்லை.

ஒரு மாலை பந்துகளை அறையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டீச்சர், என்னைய டீம்ல இருந்து எடுக்கப் போறீங்களா?"

"ஆரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நீங்க என்னையத் திட்டி எட்டு நாளாச்சு." கண் நிறைந்துவிட்டது. "நீங்க திட்டுனாத்தான் என்னையப் பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "நாளைக்கு வா புள்ள, சேத்து வெச்சுத் திட்டறேன்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த மாதம் சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் உபஜில்லா போட்டி. இடைவேளையில் குள்ளமானவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு நெட்டையானவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னொரு அடி முன்னால நில்லு கண்ணு, போதும்" என்று காதோடு சொன்னேன். மறுபடி ஆட்டம் தொடங்கியதும் குள்ளமானவள் பந்தோடு எதிரணிப் பெண்கள் இருவருக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். அப்போது மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல்: "இங்கிட்டுப் போடுடீ, கண்ணு தெரியலையா?"

கத்தியது நெட்டையானவள். பந்து வந்தது, வளையத்துக்குள் விழுந்தது. தன் தோழிக்கு எது வேண்டும் என்பதை, நான் சொல்லாமலேயே அவள் அறிந்து வைத்திருந்தாள்.

இரண்டு புள்ளியில் தோற்றோம். திரும்பும் ஜீப்பில் இருவரும் பின்னால் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, கடைசிப் பந்தை யார் தவறவிட்டது என்று வழியெல்லாம் சண்டை போட்டார்கள். முன் சீட்டில் இருந்த நான் திரும்பவே இல்லை, கேட்டுக்கொண்டே வந்தேன்.