பைய அனுப்புதோம்

இணையக் கடையில் பொருளுக்குப் பணம் கட்டியதும் ஒரு பக்கம் வரும், பார்த்திருப்பீர்கள். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம், கீழே ‘உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. “நன்றின்னு ஒரு வார்த்தை எழுதுததுக்கா மூணு நாளு?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தா. அங்கே ஒரு வாய்தா போட்டால் எத்தனை மாதம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருநாள், ஒண்ணாம் தேதியிலிருந்து எல்லோரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், அங்கே ஹாஸ்டலில் கேன் தண்ணீர் குடித்துக்கொண்டு தனியாகக் கிடப்பதா? தனியாகத் தொழில் தொடங்கலாமென்றால், கையில் இருந்த வேலை ஒரே ஒரு இணையக் கடை. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருடையது. இது சரியாக அமைந்தால் அவருடைய கூட்டாளிகள் நாலு பேரும் என்னிடம் வருவதாகப் பேச்சு. அமையாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பஸ் பிடித்துப் போய், கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். மற்றப் பக்கங்களையெல்லாம் தலையாட்டிப் பார்த்தவர், கடைசிப் பக்கத்தில் முகம் சுளித்தார்.

“வெற்றிகரமாக உறுதி செய்யப்பட்டதா? என்ன தாயி, தாலுகா ஆபீசு நோட்டீசு மாதிரி இருக்கு! கடைக்கு வந்தவங்ககிட்ட நான் இப்படியா பேசுதேன்?”

“நீங்க எப்படிச் சொல்லுவீய, அண்ணாச்சி? சொல்லுங்க, அப்படியே போட்டுருதேன்.”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “உங்க ஆர்டர் கெடச்சுட்டு. நல்ல கருப்பட்டியாப் பாத்து எடுத்து, பைய அனுப்புதோம். அம்புட்டுதான்!”

கருப்பட்டி உடையாமல் பார்த்துக் கட்ட இரண்டு நாள் ஆகும். அவசரப்படாமல், மெதுவாக அனுப்புவோம் என்கிறார். எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்படியே போட்டேன். பக்கம் வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று, வரிக்கு மேலே அழகாக ஒரு பை படமும் வரைந்துவைத்தேன். இணையக் கடை என்றால் பை படம் போடுவது வழக்கம்தானே. வீட்டுக்காரர் வாசித்தார், அண்ணாச்சி வாசித்தார், நான் நூறு தடவை வாசித்தேன். மூன்று பேரும் நெல்லைச் சீமைக்காரர்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி போன் செய்தார்.

“என்ன தாயி, மெட்ராசுல இருந்து ஒருத்தர் விடாம பை எங்க, பை எங்கன்னு கேக்காவ? நாம எப்ப பை தாறோம்னு சொன்னோம்?”

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே பை. கீழே ‘பைய அனுப்புதோம்’. அட கடவுளே! எங்களுக்குத்தான் ‘பைய’ என்றால் மெதுவாக. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பையை. போதாக்குறைக்குப் படம் வேறு போட்டு விளக்கியிருக்கிறேன். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடையின் பக்கத்தில் ஒருவர், ‘கருப்பட்டி அருமை. ஆனால் பை தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்’ என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலேயே உடன்குடிக்கு ஓடினேன். அண்ணாச்சி முகமே சரியில்லை. “ஏமாத்துதோம்னு எங்களை ஒருத்தரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. இந்த ஆன்லைன் சோலியே வேண்டாம், மூடிருவோமா?” என்றார். தப்பு என்னுடையதுதான், இப்போதே வரியை மாற்றிவிடுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

அவர் கையை நீட்டித் தடுத்தார். “மாத்தாத. அதுல நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே.” கொஞ்சநேரம் அந்தப் பை படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “கேட்டவங்களுக்கெல்லாம் ஒரு பையத் தச்சு அனுப்பிருவோம். படத்துல இருக்க மாதிரியே இருக்கணும், பாத்துக்க” என்றார்.

எதிர்க்கடைத் தையல்காரர் மஞ்சள் துணியில் தைத்துக் கொடுத்தார். கைப்பிடி நான் வரைந்தது போலவே கொஞ்சம் கோணலாக இருந்தது. அடுத்த வாரம் அந்த ஒற்றை நட்சத்திரக்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டு, பையோடு படமும் எடுத்துப் போட்டிருந்தார். பை வேண்டுமென்றே கருப்பட்டி வாங்கியவர்களும் உண்டு. “அந்தப் பை படத்த இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு தாயி” என்றார் அண்ணாச்சி. கூட்டாளிகளில் இரண்டு பேர் அவரிடம் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் சென்னை ஆபீசிலிருந்து என் மேலதிகாரி அக்கா கூப்பிட்டார்.

“ஒண்ணாம் தேதி கண்டிப்பா வந்துடுவ இல்ல?”

பிடிகொடுக்காமல் பேசிச் சமாளிக்க நினைத்து, “பைய வாரேன்க்கா” என்றேன்.

“பையெல்லாம் பின்னாடி வரட்டும்மா. நீ முதல்ல வந்து சேரு!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, “நான் வரலக்கா” என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.