இலைக்கு மார்க் கிடையாது

ஐந்தாம் வகுப்பில் நான் தேறாமல் போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அப்பா இரண்டு நாள் பேசமாட்டார், அம்மா மூன்று நாள் பேசிக்கொண்டே இருப்பாள். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் நாலாம் வகுப்பில் படித்த என் தங்கச்சி தேறி மேலே வருவாள். வந்து என் பக்கத்தில் உட்காருவாள். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாரண்டஹள்ளிக்குப் போகிற வண்டிப்பாதையை ஒட்டி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் இருந்தது. நாலுக்கும் ஐந்துக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் நாலாம் வகுப்புக் கணக்கு, வலப்பக்கம் எங்களுடையது. தங்கச்சி இடப்பக்கக் கணக்கை முடித்துவிட்டுப் பொழுது போகாமல் வலப்பக்கக் கணக்கையும் போட்டுவிடுவாள். நான் வலப்பக்கம் ஆகாது என்று இடப்பக்கம் போய்ப் பார்ப்பேன். அதுவும் ஆகாது. எனக்குக் கணக்கே வராது என்று சொல்லிவிட முடியாது. வரும். வேறு விடையோடு வரும்.

அரைப் பரீட்சையில் பதினேழு மார்க். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். முழுப் பரீட்சையிலும் பதினேழு எடுப்பேன் என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் அந்த அறிவிப்பைச் செய்தார். யூனியன் ஆபீசிலிருந்து சாக்பீஸ் வந்து வெகு நாளாகிவிட்டது. தண்ணீர்ப் பானையில் ஓட்டை. விளக்குமாறு ஈர்க்குச்சியாகிவிட்டது. மணி திருட்டுப் போன பிறகு, வாத்தியார் வாசலில் நின்று கையைத் தட்டித்தான் எங்களை உள்ளே கூப்பிடுவார். கோழியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அதனால், வகுப்புக்கு வேண்டிய சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு முழுப் பரீட்சைக் கணக்கில் கூடுதல் மார்க் என்றார். சாக்பீஸ் டப்பாவுக்குப் பத்து, பானைக்கு ஐந்து, விளக்குமாற்றுக்கு மூன்று, மணிக்குப் பதினைந்து.

மறுநாளே மளிகைக்கடைக்காரர் மகன் கடையிலிருந்து ஒரு டப்பா சாக்பீஸை எடுத்து வந்துவிட்டான். அவன் ஏற்கெனவே தொண்ணூற்றைந்து வாங்குகிறவன். பத்தைச் சேர்த்தால் நூற்றைந்து. நூற்றுக்கு நூற்றைந்து எப்படி எடுப்பது என்று வகுப்பே குழம்பியது. நான் குழம்பவில்லை. மிச்சம் ஐந்தை எனக்குத் தரச்சொல்லி என் பம்பரத்தை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. "மார்க் என்ன அவரைக்காயாடா? மிஞ்சுனத அடுத்த வூட்டுக்குக் குடுக்க?"

ஐந்து மார்க்கும் வரவில்லை, பம்பரமும் திரும்பவில்லை.

தங்கச்சியும் கை தூக்கினாள். "சார், எலைக்கு எத்தன மார்க்குங்க சார்?"

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பலகை மரப்பலகை. எழுதி எழுதி அழித்தால் சாம்பல் பூத்துவிடும். வாரக் கடைசியில் கோவை இலையைக் கசக்கி, அடுப்புக்கரித் தூளோடு சேர்த்துத் தேய்த்துக் காயவிட்டால் எருமை மாதிரி கறுப்பாகிவிடும். இரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்தவள் என் தங்கச்சி. யாரும் செய்யச் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

வாத்தியார் சிரித்துவிட்டார். "வேலில சும்மா கெடக்குற எலைக்கு எதுக்கு மார்க்கு? உக்காரு கண்ணு."

அவள் உட்கார்ந்தாள். அந்த வாரக் கடைசியில் பலகையைத் தேய்க்கவும் இல்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. சும்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பதினெட்டு மார்க்குக்குச் சாமான் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் விளக்குமாறு கேட்டேன். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா சீமாற வூட்ட வுட்டு அனுப்பச் சொல்றியே, உனக்குப் புத்தி இருக்குதா?" என்று அதையே ஓங்கினாள். திங்கட்கிழமை மனமிரங்கி மாட்டுக்கொட்டகைச் சீமாறைக் கொடுத்தாள். வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மார்க் போட்டார்.

மீதிப் பதினைந்து பரண்மேல் கிடைத்தது. அங்கே ஏர்க்கலப்பையின் முனையில் மாட்டுகிற இரும்புக் கொழு இரண்டு கிடந்தன. ஒன்று வெள்ளிபோலப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று கறுத்துப்போய், பார்க்கவே பாவமாக இருந்தது. நான் நல்ல பிள்ளை. பளபளப்பானதை அப்பாவுக்கு விட்டுவிட்டு, கறுத்த கிழட்டுக் கொழுவை எடுத்துப் போய் வாத்தியாரிடம் கொடுத்தேன். கயிறு கட்டிப் பள்ளிக்கூட வாசல் புங்கமரத்தில் தொங்கவிட்டு ஒரு போல்ட்டால் தட்டினோம். அடேயப்பா, அக்கரைத் தோட்டம் வரைக்கும் கேட்டது! இத்தனை நாள் கையைத் தட்டியே உள்ளங்கை சிவந்துபோயிருந்த வாத்தியார், மகிழ்ச்சியில் பதினைந்து போட்டார்.

பதினேழு, மூன்று, பதினைந்து. முப்பத்தைந்து. என் வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் போட்ட முதல் கூட்டல் அதுதான்.

பிறகு நடந்தது வேடிக்கை. மார்க்குக்காக ஆளாளுக்கு எங்கெங்கோ அலைந்து சாக்பீஸ் கொண்டுவந்தார்கள். அலமாரி நிறைந்து ஜன்னலிலும் டப்பா. எழுதத்தான் பலகை இல்லை. அது நாளுக்கு நாள் வெளுத்து, வெள்ளையில் வெள்ளை எழுதின மாதிரி ஆகிவிட்டது. எட்டா மூன்றா என்று யாருக்கும் தெரியவில்லை. நூற்றைந்து மார்க்காரனே தப்பாகப் போட்டான். வகுப்பில் எல்லோரும் எனக்குச் சமமாகிவிட்டதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

சித்திரை பிறப்பதற்குள் ஒரு சாயங்காலம் நல்ல கோடை மழை பெய்தது. காலையில் அப்பா உழப் போவதற்குக் கொழுவைத் தேடினார். நான் அவசரமாகப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கு மணியடிக்கிற வேலையை வேறொருவனுக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் யார் அடித்தால் என்ன, இரும்பு ஒன்றுதானே. மணிச்சத்தம் அடங்குவதற்குள் அப்பா புங்கமரத்தடியில் நின்றார்.

"வாத்தியாரே, இது எங்க வூட்டுக் கொழுவுங்க."

"உங்க பையன்தானுங்க குடுத்தான். பழசுன்னு சொன்னானே. பதினஞ்சு மார்க் போட்டுட்டேன்."

"பழசா? போன மாசந்தான் கருமான்கிட்ட அடிச்சு வாங்கியாந்ததுங்க." அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், பளபளன்னு இருக்குதே, அதுதாண்டா மண்ணுல ஓடித் தேஞ்சது. உழவன் வூட்டுல பொறந்துட்டு இதுகூடத் தெரியலியா?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"எதுலங்க மார்க்கு?" என்றார் அப்பா, வாத்தியாரிடம்.

"கணக்குலங்க."

"கொழுவுக்கும் இவன் கணக்குக்கும் என்னங்க சம்மந்தம்? நாளைக்கு என் எருமைய ஓட்டியாந்து கட்டுனா இவன வாத்தியாராவே ஆக்கிருவீங்களா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். என்னைப் பற்றித்தான் என்பது சிரித்து முடித்த பிறகு புரிந்தது.

வாத்தியார் சங்கடப்பட்டார். "நான் என்னங்க பண்றது? மேல எழுதி எழுதிக் கையி ஓஞ்சு போச்சு. சும்மா கேட்டா யாரு தர்றாங்க?"

"அது சரிங்க. எம் பொண்ணுக்கு எத்தன போட்டீங்க?"

"அது ஒண்ணும் கொண்டாரலீங்களே."

தங்கச்சி எழுந்தாள். "எல கொண்டாந்தேங்க சார். ரெண்டு வருசமா."

வாத்தியார் திரும்பிப் பலகையைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த டப்பாக்களைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"சரி கண்ணு, தப்புதான். எலைக்கும் பத்து."

"எனக்கு வேணாங்க சார். அண்ணனுக்குப் போட்ருங்க."

நான் பெருமையாக வகுப்பைச் சுற்றிப் பார்த்தேன். வாத்தியாருக்குக் குரல் இளகிவிட்டது. "அண்ணன்மேல அவ்ளோ பாசமா?"

"இல்லீங்க சார். பெயிலானா எம் பக்கத்துல வந்து உக்காருவான்."

அதோடு வாத்தியாரின் கடை மூடப்பட்டது. யாருக்கும், எதற்கும் கூடுதல் மார்க் கிடையாது. பரீட்சையில் எடுப்பதுதான் மார்க் என்று சொல்லிவிட்டார். நூற்றைந்து மார்க்காரன் அழுதான். நான் அழவில்லை. முப்பத்தைந்தில் பதினெட்டு போனால் எத்தனை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பாவே வந்து தேய்ந்த கொழுவைப் புங்கமரத்தில் கட்டினார். சத்தம் முன்போல இல்லை. ஏதோ கரண்டி விழுந்த மாதிரி. "இதுக்கு எத்தன மார்க்குப்பா?" என்று கேட்டுவைத்தேன். காதைத் திருகிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் தங்கச்சி மறுபடி பலகையைத் தேய்த்தாள். கை முழுக்கக் கரியோடு என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு எண்ணை எழுதிக் காட்டினாள்.

"இது என்னா?"

"எட்டு."

"நல்லாத் தெரியுதில்ல? இனிமே தெரியலன்னு சொல்லாத."

பரீட்சை வரைக்கும் தினமும் மாட்டுக்கொட்டகையில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். தப்பாகப் போட்டால் அடிக்கமாட்டாள். எருமையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அதற்கு அடியே பரவாயில்லை. பரீட்சையில் முப்பத்தாறு வந்தது. பதினேழின்மேல் நான் வைத்திருந்த நம்பிக்கை அன்றைக்குத்தான் போனது.

ஜூன் மாதம் மாரண்டஹள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. நிஜமான பித்தளை மணி, வகுப்புக்கு ஒரு வாத்தியார், பெரிய பலகை. என் பக்கத்தில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், தங்கச்சி இல்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் பலகை மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உட்காரவே முடியவில்லை. எங்கோ அரிக்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் கேட்டேன். "அந்தக் கோவக்கொடி எந்த வேலில இருக்குது?"

"எதுக்குண்ணா? அங்க எலைக்கு மார்க்குப் போடறாங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு?"

தலையைச் சொறிந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "முத்துன எலையாப் பாத்துப் பறி. தளுருல சாறு பத்தாது" என்று மட்டும் சொன்னாள். கால்சட்டைப் பை இரண்டும் பச்சையாகிற வரைக்கும் பறித்தேன்.

எதற்காகப் பறிக்கிறேன் என்று அன்றைக்கு யாராவது திருப்பிக் கேட்டிருந்தால், ஏதாவது சொல்லியிருப்பேன். கட்டாயம் தப்பான விடையாகத்தான் இருந்திருக்கும்.