கொட்டகையில் அழுத ஆம்பளை

பொம்மிடிக்கு வெளியே டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் இருக்கும். புருஷன் வெளியாளில்லை, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அக்கா மகளைத் தம்பி கட்டுவது எங்கள் பக்கத்து முறை. நான் பாவாடை கட்டித் திரிந்த நாளிலிருந்தே அவருக்கு நான்தான் என்று பேச்சு. எனக்கோ மாமா என்றால் உயிர். அவருக்கும் அப்படித்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன், கேட்டுப் பார்த்ததில்லை.

அன்றைக்கு மாமாவோடு போனேன், பழைய கருப்பு வெள்ளைப் படம். கதாநாயகன் ஒருத்தியை உயிருக்குயிராய் நேசிப்பான். சாகக் கிடந்த தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக வேறொருத்தியைக் கட்டச் சம்மதித்துவிட்டு, காதலியை ரயிலேற்றி அனுப்புவான். ரயில் நகர்ந்ததும், ஆண்கள் பெண்களைப் பிரிக்கும் மண்சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் கேவிக் கேவி அழுகிற சத்தம். பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது.

“அய்யே, யாரு வூட்டு ஆம்பளடி இது? இப்படி ஒப்பாரி வெக்குது!” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. மானமே போனது. “எவனோ கிறுக்கன் போலக்கா” என்று சொல்லி நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் காலை தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவரை வரப்பில் நின்று பிடிபிடியென்று பிடித்தேன்.

“ஏன் மாமா, சினிமாவுக்குப் போயி இப்படியா அழுவாங்க? கொட்டாயே சிரிச்சுது. எனக்கு வெக்கமாப் போச்சுங்க.”

அவர் மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்தார்.

“நானும் ஒருத்திய அதே மாதிரி ரயிலேத்தி வுட்டேன் புள்ள. எங்கக்கா கண்ணுல தண்ணி வெச்சிக்கிட்டு, ‘எம்மவளக் கட்டிக்கடா’ன்னு கேட்டுச்சு. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?”

அந்த அக்கா என் அம்மா. கேட்டது எனக்காக. உடம்பெல்லாம் கூசியது. நேற்று அவரைப் பார்த்துச் சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

“அப்ப என்னைய உங்களுக்குப் புடிக்காதுங்களா?”

“உம்மேல என்னா புள்ள தப்பு?” என்றார், அவ்வளவு அன்பாக.

தப்பையா கேட்டேன்? புடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று வெட்கமில்லாமல் அங்கேயே நின்றேன். அவர் அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, “வெயில் ஏறுது, வூட்டுக்குப் போ” என்றார்.