ஓரத்தில் ஒரு சின்னக் குறி

போன மாதம் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தேன். ஆமாம், நான்தான்.

துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன், எழுபது தாண்டிய பிறகு கம்ப்யூட்டரில் படம் வரையும் கேட் (CAD) வகுப்புக்குப் போகிறேன் என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பீற்றியிருக்கிறேன். எங்கள் காலத்தில் டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், பென்சில். இப்போது மவுஸ். தப்பாகப் போட்ட கோட்டை ஒரே அமுக்கில் அழித்துவிடலாம்... என்ன சுகம் தெரியுமா! ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளை ஓட்டையாக்கியவனுக்குத்தான் அது புரியும்.

வகுப்பில் பக்கத்து சீட் ரோஸ்லின். பெரியதாழை என்கிற கடற்கரை ஊர்ப் பெண், டிப்ளமோ முடித்தவள். மீன்பிடித் துறைமுகம் அருகே ஒர்க்‌ஷாப் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் அவளுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார். ஒரு விசைப்படகில் எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட் உடைந்துவிட்டது. அதை அளந்து அவள் படம் போட வேண்டும். அந்தப் படத்தை வைத்துச் செய்தது பொருந்தினால், வேலை அவளுக்கு.

அருமையாக வரைந்தாள். "பஸ்ஸு போயிரும் தாத்தா. நீங்களே அண்ணாச்சிக்கு அனுப்பி விட்டிருங்க" என்று ஓடினாள்.

அனுப்பும் முன் பார்த்தேன். மேலேயிருந்து பார்க்கும் படத்தை, முன்பக்கப் படத்துக்கு மேலே வைத்திருந்தாள். நாங்கள் படித்த முறையில் அது கீழேதான் வரும். அடடா, பிள்ளை தெரியாமல் செய்துவிட்டதே! கீழே இறக்கினேன். வலப்பக்கப் படத்தை இடப்பக்கம் தள்ளினேன். பெருமையாக அனுப்பினேன்.

விஷயம் என்னவென்றால், இரண்டு முறையுமே சரி. எந்த முறை என்பதைத் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி சொல்லும். அவள் தன் முறைக்கான குறியைச் சரியாகவே போட்டிருந்தாள். நான் படங்களை மாற்றினேன், குறியை மாற்றவில்லை. இத்தனை வருட அனுபவம்! ஒர்க்‌ஷாப்பில் குறியை நம்பிச் செய்தார்கள். கண்ணாடியில் தெரிகிற பிம்பம்போல, பிராக்கெட் திரும்பி வந்து நின்றது.

"வேலை போச்சு தாத்தா. 'படத்தையே திருப்பிப் போட்டிருக்க, இனி இங்கன வராத'ன்னு சொல்லுதாரு." வகுப்புக்கு வந்த ரோஸ்லினின் கண் சிவந்திருந்தது. "நான் சரியாத்தானே போட்டேன்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும்மா."

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளும் நம்பி, கம்ப்யூட்டரைத் திட்ட ஆரம்பித்தாள். பாவம், அது வாயில்லா ஜீவன். அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான்தாம்மா மாத்தினேன்."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வாங்க. அண்ணாச்சிகிட்ட வந்து சொல்லுங்க." ஆட்டோ பிடித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம்.

அத்தனை தொழிலாளிகள் முன்னால் சொன்னேன். அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச மனுசர்தானே நீங்க? இத இப்ப என்ன செய்ய? உப்பு போட்டு ஊறுகாயா போடவா?"

ரோஸ்லின் அந்த பிராக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, எஞ்சினுக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு உண்டுல்லா? இதே மாதிரி, திருப்பி. அளக்கப் போனப்பவே அதுலயும் கீறல் பாத்தேன். சொல்லுததுக்குள்ள வெரட்டிட்டிய."

அண்ணாச்சி படகுக்காரருக்குப் போன் போட்டார். கொண்டுபோய்ப் பொருத்தினால்... உட்கார்ந்தது பாருங்கள், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல! அவள் போட்டிருந்தபடியே இன்னொன்றும் செய்து மாட்டினார்கள். படகு கடலுக்குப் போய்விட்டது.

"ஏளா, திங்கக்கிழம வேலைக்கு வந்திரு" என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பாமலே சேர்த்துக்கொண்டார்: "தொணைக்கு இவர மட்டும் கூட்டிட்டு வந்திராத."

ரோஸ்லின் வாய்விட்டுச் சிரித்தாள். நானும்தான் — எனக்கு அந்த உரிமை இல்லாவிட்டாலும்.

இப்போதெல்லாம் வகுப்பில் பக்கத்து ஸ்கிரீனைப் பார்ப்பதே இல்லை. பார்த்துத் தொலைத்தால்... கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.