தொம்மலூர் ஜன்னலுக்குத் திருஷ்டி

பெங்களூர் தொம்மலூரில் ஒரு கண்ணாடிச் சுவர் ஆபீசுக்குள் சிகரெட் பிடிக்கத் தடை. ஆகவே ஊழியர்கள் எதிர்ச் சந்துக்கு வந்து, ஒரு வீட்டின் மூடிய ஜன்னலோரம் நின்று ஊதுகிறார்கள். நான் பக்கத்துக் கடையில் டீ குடிக்கிறேன். சட்டம் கட்டடத்தைத்தான் காப்பாற்றும் போலிருக்கிறது.

அந்த வீட்டுப் பெண் தணல் சட்டியை ஜன்னலுக்குக் கீழே வைத்து, காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டுவிட்டு, இடுப்புக் குழந்தையோடு கடைப் பக்கம் வந்துவிடுகிறாள். நெடி தாங்காமல் எல்லோரும் இருமிக்கொண்டே ஆபீசுக்கு ஓடுகிறார்கள்.

“குழந்தைக்குத் திருஷ்டியாம்மா?”

“ஜன்னலுக்கு சார். இங்க ஊதாதீங்கன்னா, ரோடு உங்களுதான்னு கேக்கறாங்க. திருஷ்டி கழிச்சா யாரு கேக்க முடியும்?”

நெடி அடங்கியதும் போய், ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறக்கிறாள்.