வாசற்படியில் நின்று பாடிய பாட்டு

நாங்கள் நான்கு பேர். ராயபுரம் மாதா கோயிலில் பாடிப் பழகியவர்கள், துறைமுகத்தில் கூலிக்கு நின்றவர்கள். கப்பல்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டு, வாத்தியமே இல்லாமல் பாடக் கற்றோம். மூன்று பேர் பாட்டைப் பாடுவார்கள். ஒருவன் அடித்தொண்டையில் 'தூம் தூம்' என்று கூடவே போவான். அந்த ஒருவன் நான்.

எங்கள் பாட்டைத் தட்டில் பதிந்த அன்று இருந்தது ஒரே மைக். "உன் குரலுக்கு ஊசி குதிக்குதுப்பா" என்று ஒலிப்பதிவுக்காரர் என்னைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் வாசற்படியில் நிறுத்திவிட்டார்.

இலங்கை வானொலியில் வரும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வரிசையில் எங்கள் பாட்டு எட்டாம் இடம் பிடித்தது. டீக்கடையில் பேட்டையே கூடிவிட்டது. மூன்று குரலும் கணீரென்று வந்தன. என் குரலை மட்டும் காணோம்.

"இன்னா மாமு, அன்னிக்கு நீ லீவா?" என்றான் கூட மூட்டை தூக்கும் தோஸ்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு ஐந்தாம் இடம். பாட்டு ஓடிய மூன்று நிமிஷத்துக்குள் சைக்கிளில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எங்கும் நான் இல்லை.

அப்பாவுக்குக் காது கேட்காது. பாய்லர் பட்டறையில் ரிவிட் ஆணி அடித்து அடித்துப் போனது. என் குரல் வந்ததா என்று அவர் தெருவெல்லாம் ஜாடையில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "பாடலன்னா பாடலன்னு சொல்லிடு நைனா. நானா கேக்கப்போறேன்?"

அவர் கண்ணில் நான் பொய்யனாக இருப்பதைத் தாங்க முடியவில்லை.

மூன்றாம் ஞாயிறு, தண்டையார்பேட்டை மரக்கடை பாய் வீட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பீரோ அளவுக்கு, அடிக்குரலுக்கும் அதிரும் ரேடியோ ஒன்று இருந்தது. பாட்டு கடைசி இடமான பத்துக்கு இறங்கியிருந்தது, அடுத்த வாரம் வராது. பாட்டு ஆரம்பித்ததும் அப்பா ரேடியோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். அடித்த ரிவிட் இறுகியதா என்று தகட்டில் கை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் அவர் விரல் தட்ட ஆரம்பித்தது. சரியாக நான் வரும் இடங்களில் தட்டியது.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. அப்பா கையை எடுக்கவில்லை, ஆனால் இந்தப் பாட்டுக்கு விரல் தட்டவில்லை.

"இது நீ இல்ல" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தார்.